‘ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள்’ என்று அழும் பாட்டிக்கு என்ன சொல்வது

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வீடு வீடாகப் படியேறி இறங்கும் ஆஷா சகோதரிகளுக்கும், துணை சுகாதார நிலையங்களில் பணியிலிருக்கும் கிராமச் செவிலியர் தங்கைகளுக்கும்,



பச்சிளங்குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். பாகூர் ஏரிக்குக் கிட்டேதான் வீடு. உங்களில் பலர் வழியில் பார்த்தால் “என்னா சிஸ்டர்” என்று நின்று பேசிவிட்டுப் போகிறவர்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஆஷா தங்கை இரவு எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் பார்க்கும் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்ததும் அழவில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த பாட்டி, ஊருக்குத் திரும்பி வந்து தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்: “உசுரோட இருக்கற புள்ளைய ஐஸ் பெட்டியில வெச்சிட்டாங்களே!” அதைக் கேட்ட உறவுக்காரர்கள் நான்கு பேர், கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்துவிடலாம் என்று வண்டி பேசிக்கொண்டிருந்தார்கள். “நான் என்னா சிஸ்டர் சொல்றது? புள்ளைய சூடா வெச்சிக்கணும்னு அவங்களுக்கு சொல்லிக் குடுத்ததே நான்தான” என்றாள் அந்தத் தங்கை.

நம் ஊரில் ஐஸ் பெட்டியை எதற்கு வாடகைக்கு எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை, பந்தலுக்குக் கீழே வைப்பது அது. அந்தப் பாட்டிக்குக் குளிர் என்றால் சாவு, இல்லையென்றால் ஜன்னி. அவர் அழுததில் தப்பு ஒன்றுமில்லை. அவருக்கு யாராவது முன்னாலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். வார்டுக்குள் இருக்கும் நாங்கள் அதைச் சரியாகச் சொன்னதில்லை. ஃபாரத்தை நீட்டி அப்பாவிடம் கையெழுத்து வாங்குவோம். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பாட்டியை மறந்துவிடுவோம். அந்தக் கடனுக்குத்தான் இந்த மடல்.

முதலில், நீங்கள் இதுவரை சொல்லிக் கொடுத்தது எதுவும் தப்பில்லை. பிறந்த பிள்ளைக்குக் கதகதப்புத்தான் உயிர். 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் எண்ணிக்கொண்டு நீங்கள் போய், பிள்ளையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறீர்களே, அதற்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1958இல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும், குறைமாதப் பிள்ளைகளைச் சற்றே கூடுதல் சூட்டில் வைத்த கண்ணாடிப் பெட்டிகளில் பிழைத்தவர்கள் அதிகம் என்று எண்ணிக்கையோடு காட்டினார்கள். ஓரிரண்டு டிகிரி வித்தியாசம்தான். அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசமாக இருந்தது. அதற்கு அடுத்த வருடமே ஸ்வீடனில், மூச்சு வராத பிள்ளைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பிழைக்க வைக்க முயன்றதை எழுதினார்கள். ஆனால் கதகதப்பின் பக்கம் சாட்சி பலமாக இருந்ததால், குளிர்விப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பல வருடம் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்தப் பாட்டி கண்ணாடி வழியாகப் பார்த்தது அந்தக் குளிர்விக்கும் வைத்தியம்தான். இப்போது எந்தப் பிள்ளையைக் குளிர்விக்கிறார்கள்? நிறைமாதத்தில், அல்லது அதற்குக் கிட்டத்தில், 36 வாரம் முடிந்து பிறந்தும் அழாத பிள்ளையை. கொடி சுற்றியோ, நஞ்சு முன்னாலேயே பிரிந்தோ, வலி நீண்டு போயோ, பிரசவ நேரத்தில் மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போகாமல் தவித்த பிள்ளை. பத்து நிமிடமாகியும் தானாக மூச்சு விடாது. கை கால் துவண்டு கிடக்கும். சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். குறைமாதப் பிள்ளைக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் இந்த வைத்தியம் கிடையாது. அவர்களுக்கு இன்றைக்கும் தொப்பி, காலுறை, அம்மாவின் நெஞ்சு.

மூச்சு திரும்பி, நிறம் வந்துவிட்டால் பிள்ளை தப்பித்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்போம். அறுப்பு முடிந்து வைக்கோல் போரில் தீப்பிடித்ததைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஊற்றி மேல் தீயை அணைத்துவிட்டு ஆள்கள் போய்விடுவார்கள். உள்ளுக்குள் கங்கு இருக்கும். சில மணி நேரம் கழித்துப் போர் மறுபடி புகையும். இந்த முறை அடி வரைக்கும் எரியும். மூளையிலும் அப்படித்தான். முதல் அடி பிரசவ நேரத்தில். மூச்சு திரும்பியதும் மூளையின் செல்கள் கொஞ்சம் தேறுகின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் அந்த அமைதி. அதற்குப் பிறகு இரண்டாவது சேதம் தொடங்கி நாள்கணக்கில் நடக்கிறது. உடம்பு ஒரு டிகிரி குளிர்ந்தால் மூளை எரிக்கும் சக்தி நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழு பங்கு குறைகிறது. எரிவது குறைந்தால் கங்கும் மெல்ல அடங்குகிறது. அமைதியான அந்த இடைவெளிக்குள் தொடங்க வேண்டும் என்பதால்தான் மருத்துவர்கள் ‘ஆறு மணி நேரம்’ என்று அடித்துச் சொல்கிறார்கள்.

எவ்வளவு குளிர்? இதைத்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். ஐஸ் கட்டி பூஜ்ஜியம் டிகிரி. பிள்ளையின் உடம்பு 33.5 டிகிரி. நமக்கு இருக்கும் 37-லிருந்து மூன்றரை டிகிரிதான் கீழே. அந்தச் சூட்டில் 72 மணி நேரம், மூன்று பகல் மூன்று இரவு, வைத்திருப்பார்கள். அப்புறம் மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் மெதுவாகச் சூடேற்றுவார்கள். அவசரமாகச் சூடேற்றினால் வலிப்பு வரலாம், ரத்த அழுத்தம் விழலாம்.

2005இல் அமெரிக்காவில் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுதான் இதற்குப் பெரிய திருப்பம். வழக்கமான சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 62 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது பெரிய ஊனத்தோடு வளர்ந்தார்கள். குளிர்வித்த பிள்ளைகளில் அது 44 சதவீதம். இதற்கு முன்னால் அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குறிப்பாகச் செய்ய எங்கள் கையில் ஒன்றுமே இருந்ததில்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

இது எங்கேயோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் கோரிமேட்டு ஜிப்மரில், விலை உயர்ந்த மெஷின் இல்லாமல் வெறும் ஜெல் பைகளை வைத்துக் குளிர்வித்து, 120-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் பார்த்தபோது இறப்பும் வளர்ச்சித் தாமதமும் குளிர்வித்த பிள்ளைகளிடம் குறைவாக இருந்தன.

ஜெல் பையில் குளிர்விப்பது என்றால் என்ன என்று அதைச் செய்த கைக்குத்தான் தெரியும். ஃப்ரிட்ஜில் அடுக்கிய நீலப் பைகள். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, முதுகுக்குக் கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று. பிள்ளையின் ஆசனவாயில் நூல் போல ஒரு வயர். அதன் எண் திரையில் ஓடும். 34.1. 33.8. 33.4. எண் 33-க்குக் கீழே போனால் ஒரு பையை உருவ வேண்டும். 34-ஐத் தாண்டினால் புதுப் பை. பை இளகிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சாதாரணமாக 120-க்கு மேல் அடிக்கும் பிள்ளையின் இதயம் 100 பக்கம் இறங்கியிருக்கும். முதுகைத் திருப்பித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடியும்வரை இதே வேலை. ஒரு ராத்திரி என் விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பேனா பிடிக்க வரவில்லை. அப்போதும் பிள்ளையின் பாதத்தைத் தொட்டால் என் விரலைவிட வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

இந்தக் கஷ்டத்துக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நிரஞ்சன் தாமஸ் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். முதலில் அவர்களும் ஜெல் பைதான் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ப்ளஸ் என்ற இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து ‘மிராக்ரேடில்’ என்ற தொட்டிலை உருவாக்கினார்கள். அதன் சூட்சுமம் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் இல்லையா? அந்த பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே இருங்கள். உங்கள் கைச்சூட்டை அது உறிஞ்சும். ஆனால் முழுக்க உருகி முடிகிற வரைக்கும் எண்ணெயின் சூடு ஏறாது, 24 டிகிரி பக்கத்திலேயே நிற்கும். வாங்கிக்கொண்ட சூடெல்லாம் உருகுவதற்கே செலவாகிறது. அந்தத் தொட்டிலில் பிள்ளைக்கு அடியில் இருக்கும் பலகைகளுக்குள்ளும் இப்படி ஒரு பொருள்தான். பிள்ளையின் உடம்புச் சூட்டைவிடச் சற்றுக் கீழே உருகும்படி தேர்ந்தெடுத்தது. பிள்ளையிடமிருந்து சூட்டை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். ஐஸ் மாதிரி திடீரென்று இழுக்காது. கரண்ட் போனாலும் தொட்டிலுக்குக் கவலையில்லை. செவிலியர் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் ஜெல் பைக்காலம் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் ஓட வேண்டாம். நாட்டின் 11 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 103 குழந்தைகளிடம் இதைப் பயன்படுத்திப் பார்த்த விவரத்தை 2018இல் எழுதியிருக்கிறார்கள். இதைத் தவிர, மெத்தைக்குள் தண்ணீரை ஓடவிட்டுத் தானாகவே சூட்டைச் சரிசெய்துகொள்ளும் மெஷின்களும் உண்டு. எதுவானாலும் அந்த நூல் வயர் உள்ளே இருக்கும், எண் திரையில் ஓடும், பக்கத்தில் ஒரு ஆள் நிற்பாள்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். உங்களிடம் மறைத்துவிட்டு எழுதினால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்று நாடுகளிலும் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் ‘ஹீலிக்ஸ்’ என்ற ஆய்வு நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவும் அதில் இருந்தது. நல்ல மெஷின், சரியான சூடு, ஆறு மணி நேரத்துக்குள் தொடக்கம். 2021இல் முடிவு வந்தது. குளிர்வித்த பிள்ளைகளில் 42 சதவீதம் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். ஊனமும் குறையவில்லை. இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. வேலூரில் 50 குழந்தைகளிடம் அந்தத் தொட்டிலை வைத்துச் செய்து 2020இல் வந்த இன்னொரு ஆய்வோ, ஸ்கேனில் குளிர்வித்த பிள்ளைகளின் மூளைச் சேதம் குறைவு என்று காட்டியது. ஏன் இந்த வித்தியாசம்? நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிரசவத்துக்கு நெடுநேரம் முன்பே, வயிற்றுக்குள்ளேயே சேதம் தொடங்கிவிடுகிறதா, அம்மாவின் ரத்தசோகையும் கிருமித் தொற்றும் காரணமா, ஓரிடத்தில் பிறந்து இன்னோரிடத்துக்குத் தூக்கி வருவதா என்று மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆகவே ஒரு மருத்துவமனை குளிர்விக்கும். இன்னொன்று, இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லும். வேண்டாம் என்று சொன்னால் அலட்சியப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்விப்பதற்கு வசதி இருக்கும் இடம் எது, அங்கே யாருக்குச் செய்கிறார்கள் என்பதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் இன்றைக்கே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்த பிறகு கேட்க நேரமிருக்காது.

ஏனென்றால் அந்த ஆறு மணி நேரம் பிறந்த நொடியிலிருந்து ஓடுகிறது; மருத்துவமனை வாசலிலிருந்து இல்லை. சோரியாங்குப்பத்திலிருந்தோ குருவிநத்தத்திலிருந்தோ கோரிமேடு போக வேண்டும் என்று வையுங்கள். நகரத்தைக் குறுக்கே தாண்ட வேண்டும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற வழக்கம் வேறு. நம் ஊரெல்லைகள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் கடலூர் மாவட்டம். முதலில் பக்கத்தில் ஒரு இடம், அங்கே ஒரு மணி நேரம். அவர்கள் இன்னொரு இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு கைமாறினால் நான்கு மணி நேரம் போய்விடும்.

ஒரு பிள்ளையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து சித்திரை வெயிலில் ஆட்டோவில் வந்தது. மருத்துவமனையின் பெயர் சொல்ல மாட்டேன். அவர்களும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். மூன்று கம்பளி சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர் நிரப்பிய பாட்டில் வைத்து அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் தொடையில் கொப்புளம். உடம்புச் சூடு 38.6. மூச்சு முட்டிய பிள்ளைக்குச் சூடு ஏறினால் மூளைச் சேதம் இன்னும் கூடும். சீட்டில் பிறந்த தேதி இருந்தது, மணி இல்லை. அப்பாவைக் கேட்டால், “காலையில சிஸ்டர், ஒரு ஏழு இருக்கும், எட்டா கூட இருக்கலாம்.” அந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிவே தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் கேட்கிறேன். பிள்ளை பிறந்த மணி நிமிடத்தைத் தாய் சேய் அட்டையில் உங்கள் கையால் எழுதுங்கள். அழுதது எத்தனை நிமிடம் கழித்து என்றும் ஒரு வரி. வண்டியில் ஏற்றும்போது அக்குள் சூடு எவ்வளவு, அதையும். 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் இருந்தால் போதும். குறைந்தால் அம்மாவின் நெஞ்சோடு, அம்மா இல்லையென்றால் பாட்டியின் நெஞ்சோடு, காய்ந்த துணி போர்த்தி. கூடினால் ஒரு போர்வையை எடுத்துவிடுங்கள். வெந்நீர் பாட்டில் வேண்டாம். ஈரத்துணியும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். “ஆஸ்பத்திரியில குளிர வெக்கறாங்களாமே, நாமே வழியில செஞ்சிட்டா நேரம் மிச்சம்” என்று ஒருவர் என்னிடமே கேட்டார். கூடாது. வயர் இல்லாமல், எண் பார்க்காமல் குளிர்வித்தால் பிள்ளை 30 டிகிரிக்குப் போனாலும் நமக்குத் தெரியாது. இதயம் தடுமாறும், ரத்தம் சரியாக உறையாது. குளிர்விப்பது உள்ளே இருப்பவர்கள் வேலை. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. புறப்படும்போதே 108 ஊழியரிடமோ மருத்துவரிடமோ சொல்லி, சேரப்போகும் இடத்துக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் குழப்பம் வரும். நூறு நாள் வேலையிலோ நடவிலோ ஒருவர் வெயில் தாங்காமல் விழுந்து, உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் கணக்கே வேறு. அவரை முதலில் குளிர்வியுங்கள். வண்டி வருகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். போர்செட் பக்கத்தில் இருந்தால் அந்தத் தொட்டியே போதும். தலையை மட்டும் பிடித்துக்கொண்டு கழுத்துவரை தண்ணீரில் இறக்கலாம். மயக்கமாக இருப்பவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம். பெரியவருக்கு அங்கேயே குளிர்ச்சி. பிள்ளைக்கு மருத்துவமனையில் மட்டும்.

சரி, பாட்டிக்கு வருகிறேன். அன்று இரவு நானும் அந்தத் தங்கையோடு அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையை எடுத்து என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னேன்: “ஆயா, அது ஐஸ் பெட்டி இல்ல. மூச்சு முட்டினதுல புள்ள மூளைக்கு அடி பட்டிருக்கு. அது அடங்கறதுக்கு ஒடம்புச் சூட்ட மூணு நாளைக்கு கொஞ்சம் எறக்கி வெக்கறாங்க. நாலாம் நாளு பழையபடி சூடாக்கிடுவாங்க. புள்ள பாதம் நம்ம கை மாதிரிதான் இருக்கும், ஐஸ் மாதிரி இருக்காது. வலிக்காம இருக்க மருந்து போயிட்டிருக்கு.” அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஜன்னி வராதா?” மூளைச் சேதத்தைக் குறைக்கத்தான் இவ்வளவும் பண்ணுகிறார்கள், வலிப்பு வந்தால் மருந்து பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். பிழைக்குமா என்று கேட்டிருந்தால் கட்டாயம் பிழைக்கும் என்று சொல்லியிருக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். குளிர்வித்தும் போய்விடும் பிள்ளைகள் உண்டு. அந்த வாக்கை நாம் கொடுத்துவிட்டால், அடுத்த பிள்ளைக்கு அந்தத் தெருவே நம்மை நம்பாது.

உறவுக்காரர்கள் பேசியிருந்த வண்டியில் மறுநாள் பாட்டியை மட்டும் அழைத்துப் போனார்கள். செவிலியர் கையைக் கழுவச் சொல்லி, உள்ளே விட்டு, பிள்ளையின் பாதத்தைத் தொடவிட்டாராம். எந்த வார்டும் இதைச் செய்யலாம். ஐந்து நிமிடம் ஆகும். நீங்கள் பார்க்கும் குடும்பங்களுக்காகக் கேட்டுப் பாருங்கள்.

அந்த மூன்று நாளும் அம்மாவை மறந்துவிடாதீர்கள். பச்சை உடம்புக்காரி வேறொரு மருத்துவமனையில் தனியாகக் கிடப்பாள், மார் கட்டிக்கொண்டு வலிக்கும். பாலைப் பீய்ச்சி எடுக்கச் சொல்லிக் கொடுங்கள். நின்றுவிட்டால் திரும்ப வரவைப்பது கஷ்டம். வீட்டுக்கு வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. தலை நிற்கிறதா, இரண்டு கையும் ஒன்றுபோல நீள்கிறதா, சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று ஒன்றரை வயதுவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 42ஆம் நாள் வருகைக்குப் பிறகும், அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஏதாவது பிந்தினால், “ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் நடக்கும்” என்று யாராவது சொல்லித் தள்ளிப்போடுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

உங்களுக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று தெரியும். பதிவேடு, கொசுப் புழு, சர்க்கரைக் கணக்கு, அதற்குமேல் இது. கூடுதல் சுமை ஏற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கேட்பது அட்டையில் மூன்று எண்கள். பாட்டியிடம் சில வாக்கியங்கள்.

உங்கள் மாதக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லி வில்லியனூர், பாகூர் இரண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களிடமும் கேட்கப் போகிறேன். கையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும், ஃப்ரிட்ஜில் வைத்து உறைந்த ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் கொண்டு வருவேன். ஒவ்வொருவராகக் கையில் பிடித்துப் பாருங்கள். கேள்வி எதுவானாலும் கேளுங்கள். எனக்குத் தெரியாததை மருத்துவரிடம் கேட்டு வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்
பாகூர்